ஆள் அப்படியேதான் நிக்கிறான்!

மதுரையில் வில்லாபுரம் பக்கமிருந்து ஊருக்குள் வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தெற்குவாசல் மேம்பாலத்தில் பஸ் ஏறுகிறது. உங்களுக்கு ஜன்னலோர சீட். எட்டிப் பார்த்தால் எதிரே மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம். சுமார் 170 அடி. அந்தக் கோயிலின் கோபுரங்களிலேயே உயரமானது அதுதான். மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள், துணி காயும் கொடிகள் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பி, ‘இந்த ஊருக்குப் பெரிய ஆள் நான்தான்’ என்று நிற்கும்.

பாலம் இறங்கி, பஸ் அதே திசையில்தான் போகிறது. கிட்டே போகப் போகக் கோபுரம் இன்னும் பெரிதாகத் தெரிய வேண்டும் இல்லையா? அங்கேதான் ஆச்சரியம். சாலையோரக் கடை மாடிகளும் விளம்பர போர்டுகளும் மடமடவென வளர்ந்து கோபுரத்தை முழுங்கிவிடும். கோபுரத்தில் ஒரு செங்கல் குறையவில்லை. கடையில் ஒரு செங்கல் கூடவில்லை. நகர்ந்தது நீங்கள் மட்டும்தான்.

காரணம் ரொம்ப எளிது. நூறு அடி தள்ளி இருக்கிற கடையை ஐம்பது அடி நெருங்கினால், கடை உங்கள் கண்ணுக்கு இரண்டு மடங்காகிவிடும். மூவாயிரம் அடி தள்ளி இருக்கிற கோபுரத்துக்கு அந்த ஐம்பது அடி எம்மாத்திரம்? கிட்டே இருப்பது வேகமாக வளரும். தூரத்தில் இருப்பது மெதுவாகத்தான் வளரும்.

இந்தச் சின்னக் கணக்கை வைத்துத்தான் சினிமாவில் ஒரு பெரிய வித்தை காட்டுகிறார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு ஆள் அதிர்ச்சியில் உறைந்து நிற்கிறான். திரையில் அவன் முகம் அதே அளவில்தான் இருக்கிறது. ஆனால், அவனுக்குப் பின்னால் இருக்கிற தெருவோ சுவரோ மட்டும் சரசரவென விலகி ஓடுகிறது. அல்லது அவன் முதுகில் வந்து மோதுகிற மாதிரி நெருங்குகிறது. பார்க்கிற நமக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்யும். ராட்டினம் கீழே இறங்கும்போது செய்யுமே, அதே மாதிரி.

புத்தகங்களில் இதற்கு ‘டாலி ஜூம்’ என்று பெயர். கேமராவை வைத்துத் தள்ளுகிற வண்டிதான் டாலி. நம் ஊர் சினிமாக்காரர்களுக்கு அது ட்ராலி. கேமராவை ட்ராலியில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டே, அதே நேரத்தில் லென்ஸை ஜூம்-அவுட் செய்ய வேண்டும். அல்லது பின்னால் இழுத்துக்கொண்டே ஜூம்-இன் செய்ய வேண்டும். ஒன்று பெரிதாக்கும், இன்னொன்று சிறிதாக்கும். இரண்டும் சரிக்குச் சரியாக இருந்தால் ஆள் அப்படியே நிற்பான். பின்னணி மட்டும் ஆட்டம் காணும்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சினிமாக்காரர் இல்லை. வில்லாபுரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன். தொண்ணூறுகளின் நடுவில் பானாசோனிக் எம்-9000 கேமராவைத் தோளில் சுமந்து திரிந்தவர். நான் அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தேன். முகூர்த்த நாட்களில் அவருக்கு லைட் பிடிக்கப் போவேன். சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. முதல் பந்தியிலேயே சாப்பாடு. போதாதா?

அவர் கடையில் ஒரு பழைய டி.வி.யும் வி.சி.ஆரும் இருக்கும். கூட்டமில்லாத மத்தியானங்களில் ‘ஜாஸ்’ கேசட்டைப் போடுவார். 1975-ல் ஸ்பீல்பெர்க் எடுத்த சுறா படம். கடற்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற போலீஸ் அதிகாரி, தண்ணீரில் ஒரு சிறுவனைச் சுறா இழுப்பதைப் பார்க்கிற கட்டம். சில நொடிகள்தான். அவர் முகம் அப்படியே இருக்க, பின்னால் கடற்கரை ரப்பர் மாதிரி இழுபட்டு விலகும். அண்ணன் அந்த இடத்தை மட்டும் ரீவைண்ட் செய்து செய்து, டேப்பில் கோடு விழுந்துவிட்டது.

“பாத்தியா... ஆளு அப்படியேதான் நிக்கிறான். ஊருதான்டா ஓடுது!”

இந்த வித்தைக்கு மூலவர் ஹிட்ச்காக். 1958-ல் வந்த ‘வெர்டிகோ’ படம். உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு துப்பறிவாளன், மணிக்கூண்டுப் படிகளில் ஏறுகிறான். பாதியில் கீழே குனிந்து பார்க்கிறான். அந்தக் கிறுகிறுப்பைப் பார்க்கிறவனுக்கும் வரவைக்க வேண்டும். ஹிட்ச்காக்குக்கு இந்த எண்ணம் வந்ததே ஒரு போதையில்தான். லண்டன் ஆல்பர்ட் ஹாலில் நடந்த ஒரு விருந்தில் நன்றாகக் குடித்துவிட்டாராம். சுற்றியிருந்த எல்லாமே தன்னைவிட்டு எட்டிப் போவது போலத் தோன்றியதாம். அந்த உணர்வை 1940-ல் வந்த ‘ரெபெக்கா’வில் கொண்டுவர முயன்று முடியவில்லை. பதினைந்து வருடம் மண்டைக்குள்ளேயே வைத்திருந்து, கடைசியில் ‘வெர்டிகோ’வில்தான் பிடித்தார். அதைச் சாதித்துக் கொடுத்தவர், இரண்டாம் யூனிட் கேமராமேன் இர்மின் ராபர்ட்ஸ் என்கிறார்கள்.

பி.காம்காரனான எனக்கு இதில் பிடித்த இடம் செலவுக் கணக்குதான். நிஜப் படிக்கட்டின் உச்சியில் கேமராவைத் தொங்கவிட்டு எடுக்க 50,000 டாலர் ஆகும் என்றிருக்கிறார்கள். ‘ஷாட்டில் ஆளே இல்லையே... படிக்கட்டைச் சின்னதாக மாடல் செய்து தரையில் படுக்கப் போட்டு எடுத்தால் என்ன?’ என்று கேட்டிருக்கிறார் ஹிட்ச்காக். 19,000 டாலரில் முடிந்துவிட்டது. பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் இதை அவரே சொல்லியிருக்கிறார். நிமிர்ந்து நிற்க வேண்டியதைப் படுக்கப் போட்டே லட்ச லட்சமாக மிச்சம் பிடித்த மனுஷன்!

நம்ம அண்ணனிடம் ட்ராலியும் இல்லை, டாலரும் இல்லை. இருந்ததெல்லாம் ஆசை. கல்யாண மண்டபத்தில் பந்திக்குச் சாம்பார் வாளி கொண்டுபோகிற தள்ளுவண்டி ஒன்று கண்ணில் பட்டது. அதைக் கழுவித் துடைத்து அதன்மேல் அவர் கேமராவோடு உட்கார்ந்துகொள்ள, நான் தள்ளினேன். தரையில் சாக்பீஸால் கோடுகள். ஆளிலிருந்து 24 அடியில் ஆரம்பம். 6 அடியில் முடிவு. ஒவ்வொரு கோட்டிலும் ஜூம் எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

கணக்கைப் பாருங்கள். 24 அடியிலிருந்து 6 அடிக்கு வந்தால் ஆள் நான்கு மடங்கு பெரிதாவான். லென்ஸை நாலில் ஒரு பங்குக்கு ஜூம்-அவுட் செய்தால், பழைய அளவுக்கே வந்துவிடுவான். பற்று வரவு சரி! ஆனால், ஆளுக்குப் பின்னால் 60 அடி தள்ளி ஒரு சுவர் இருக்கிறதே, அதற்கு இந்தக் கணக்கு டேலி ஆகாது. கேமராவிலிருந்து 84 அடியில் இருந்த சுவர் 66 அடிக்குத்தான் வந்திருக்கிறது. நாம் நெருங்கியதால் அதற்குக் கிடைத்த வரவு கால் பங்கு சொச்சம்தான். ஜூம்-அவுட்டால் போனதோ முக்கால் பங்கு. ஆகமொத்தம் சுவர் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, எங்கோ தூரத்துக்குப் போய்விடும். டேலி ஆகாத அந்தத் தொகை இருக்கிறதே... அதுதான் நம் வயிற்றைக் கலக்குவது.

அன்றைக்குப் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வேன் போய்விட்டது. மண்டபம் காலி. பெண்ணின் அப்பா மட்டும், சமையல்காரருக்கு மிச்சப் பணம் கொடுத்துவிட்டு நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். அண்ணன் போய், “மாமா, ஒரு நிமிஷம் இப்படியே நில்லுங்க. ஒண்ணும் செய்ய வேணாம்” என்றார். அவருக்கு அதுதான் தேவைப்பட்டதோ என்னவோ, மறுபேச்சில்லாமல் நின்றார். நான் பைய வண்டியைத் தள்ளினேன். சக்கரம் கிறீச்சிட்டது. மூன்று தடவை தள்ளி, மூன்றாவதுதான் சரியாக வந்தது.

கேசட் போட்டுப் பார்த்த அன்று நானும் அந்த வீட்டில் இருந்தேன். தாலி கட்டும்போது சிரிப்பு, பந்தியில் சித்தப்பாவைப் பார்த்துக் கேலி என்று போய்க்கொண்டிருந்த வீடு, கடைசி ஷாட் வந்ததும் அமைதியாகிவிட்டது. டி.வி.யில் அந்த மனிதர் அப்படியே நிற்கிறார். அவருக்குப் பின்னால் காலி நாற்காலிகளும், சரிந்த வாழைமரமும், மேடையும் எட்டி எட்டிப் போய்க்கொண்டே இருக்கின்றன. மண்டபம் அவ்வளவு பெரியதா என்று தோன்றியது. பெண்ணின் அம்மாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அன்னிக்கு இவுக இப்படித்தான் நின்னாக.”

ட்ராலியும் தெரியாது, ஜூமும் தெரியாது அந்த அம்மாவுக்கு. ஆனால், சரியாகப் படித்துவிட்டார்.

அண்ணன் அடிக்கடி ஒன்று சொல்வார். “ஜூம் பண்றது விரல் வேலை தம்பி. கிட்டப் போறது கால் வேலை. திரையில ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். ஒண்ணு கிடையாது.”

பத்திரிகை வேலைக்கு வந்த பிறகு அதன் முழு அர்த்தமும் புரிந்தது.

லென்ஸ் தன்பாட்டுக்கு எதையும் நெருக்கி வைப்பதில்லை. இருக்கிற காட்சியின் ஒரு துண்டை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். எது எதற்குப் பக்கத்தில் தெரியும், எது எதைவிடப் பெரிதாகத் தெரியும் என்பதையெல்லாம் முடிவு செய்வது நீங்கள் நிற்கிற இடம். நேரமிருந்தால் திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்ப் பாருங்கள். ‘பம்பாய்’ படத்தில் ‘கண்ணாளனே’ பாட்டு வந்ததே, அந்த மகால். முதல் தூணை ஒட்டி நின்று பார்த்தால், அடுத்தடுத்த தூண்கள் கிடுகிடுவெனச் சிறுத்துக்கொண்டே போகும். நன்றாகப் பின்னால் போய் நின்று ஜூம் போட்டுப் பாருங்கள். அதே தூண்கள் சீட்டுக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதாகத் தெரியும்.

கிரிக்கெட்டில் தினம் பார்க்கிறோமே! பந்து போடுகிறவருக்கும் அடிக்கிறவருக்கும் நடுவே இருப்பது 22 கஜம், அதாவது 66 அடி. மைதானத்துக்கு வெளியே வெகு தூரத்தில் நின்று ஜூம் செய்கிற டி.வி. கேமராவில் பார்த்தால், இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொள்கிற தூரத்தில் இருப்பதாகத் தெரிகிறது. அதை நம்பித்தான் நாம் சோபாவில் உட்கார்ந்துகொண்டு, ‘இந்தப் பந்தைக்கூட அடிக்கத் தெரியலையே’ என்று திட்டிக்கொண்டிருக்கிறோம்.

தீபாவளி சமயத்தில் விளக்குத்தூண் கூட்டத்தைப் படம் எடுக்கப் போகிறபோது, உடன் வந்த போட்டோகிராபர் நண்பர் ஒருமுறை சொன்னார்: “கூட்டம் இன்னிக்குக் கொஞ்சம் கம்மிண்ணே. பரவால்ல, டெலி லென்ஸ் போட்டா சரியாயிரும்.” மாடியேறித் தூரத்திலிருந்து எடுத்தார். ஊசி விழ இடமில்லாத கூட்டம்! படத்தில் பொய்யே கிடையாது. அத்தனை தலையும் நிஜத் தலை. தலைக்கும் தலைக்கும் நடுவே இருந்த இடம் மட்டும்தான் காணாமல் போயிருந்தது. கட்சி மாநாடுகளில் இந்த வித்தைக்கு இருக்கிற மவுசு உங்களுக்கே தெரியும்.

கொரோனா காலத்தில் இது வேடிக்கையாக இல்லாமல் போனது. ‘இடைவெளியே விடாமல் நிற்கிறார்கள் பாருங்கள்’ என்று உலகம் முழுக்கப் படங்கள் வந்தன. 2020 ஏப்ரலில் டென்மார்க்கில் இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே வரிசையை, ஒரே மாதிரி மக்களை, இரண்டு விதமாக எடுத்தார்கள். தூரத்திலிருந்து டெலி லென்ஸில் எடுத்ததில் எல்லோரும் ஒட்டி நின்றார்கள். வைடு லென்ஸில் எடுத்ததில் ஒவ்வொருவருக்கும் நடுவே தாராளமாக இடம் இருந்தது. முதல் படத்தை மட்டும் பார்த்தவன் அந்த மக்களைத் திட்டுவான். இரண்டாவதைப் பார்த்தவன் பாராட்டுவான். மக்கள் அதேதான்!

படத்துக்குச் சொன்னது ஊருக்கும் பொருந்துமா? பொருந்தும். எனக்கே நடந்தது.

2003-ல் சென்னையில் வீடு தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வீட்டு மாடி போர்ஷன் பிடித்துப்போனது. வீட்டுக்காரர் நல்ல மனிதர். வேலை, சம்பளம், கறி மீன் சமைப்போமா என்று எல்லாம் கேட்டு முடித்து, “சொந்த ஊர்?” என்றார்.

“மதுரை சார்.”

“மதுரையில எங்க?”

“வில்லாபுரம்.”

அவர் முகம் மாறியது. “அந்த... லீலாவதி கொலை நடந்துச்சே... அந்த வில்லாபுரமா?”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த விநாடியில் அவர் கண்ணில் ஒரு டாலி ஜூம் ஓடியது. நான் அதே அளவில்தான் நின்றுகொண்டிருந்தேன். அதே இஸ்திரி போட்ட சட்டை, அதே அசட்டுச் சிரிப்பு. எனக்குப் பின்னால் இருந்த ஊர் மட்டும் சரசரவெனப் பெரிதாகி, என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது. மதுரை என்றாலே அரிவாள் என்று சினிமாவும் சொல்லிச் சொல்லி வைத்திருக்கிறதே.

1990-ல் ஸ்கார்சஸி எடுத்த ‘குட்ஃபெல்லாஸ்’ படத்தில் இதே மாதிரி ஒரு கட்டம் உண்டு. ஓட்டல் ஜன்னலோரம் இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஒருவன் இன்னொருவனைத் தீர்த்துக்கட்டும் யோசனையில் இருப்பான். வசனத்தில் ஒன்றும் தெரியாது. கேமரா பின்னால் போக, லென்ஸ் முன்னால் வர, ஜன்னலுக்கு வெளியே இருக்கிற தெரு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து அவர்களை அழுத்தும். அந்த வீட்டு வராந்தாவில் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் சொன்னதில் பொய் இல்லை. லீலாவதி வில்லாபுரத்தின் மார்க்சிஸ்ட் கட்சி கவுன்சிலர். 1996 உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்து மதுரை மாநகராட்சிக்குப் போனவர். 1997 ஏப்ரல் 23-ம் தேதி, பட்டப்பகலில், தெருவில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். அப்போது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். தமிழ்நாடு முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஏரியாவின் பெயரை வெளியூர்க்காரர்கள் முதன்முதலாகத் தெரிந்துகொண்டதே அப்படித்தான்.

தூரத்தில் நின்று ஜூம் போட்டுப் பார்த்தவர்களுக்கு வில்லாபுரம் என்றால் ஒரு கொலை. ஆனால், எதற்காக அந்தக் கொலை என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், நாலு தெரு நடந்து உள்ளே வரவேண்டும். வந்தால் வரிசையாகக் குடங்கள் தெரியும். குடிக்கிற தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கிய ஜனங்கள் நாங்கள். தண்ணீரில் சிலருக்கு வியாபாரம் இருந்தது. மாநகராட்சித் தண்ணீரை எங்கள் தெருக்களுக்குக் கொண்டுவர வேண்டும் என்று அலைந்தவர் லீலாவதி. என் அம்மாவிடம் அவரைப் பற்றிக் கேட்டால், கொலையைப் பற்றிப் பேச மாட்டார். “தண்ணிக்காக அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுன பிள்ள” என்பார். அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த அம்மாள் ஒரு குடம் தண்ணீர்.

இதையெல்லாம் அந்த வராந்தாவில் சொன்னேன். பிரசங்கமாக இல்லை. கேட்டார், சொன்னேன். அவர் “ம்... ம்...” என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிவு ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பலாம் என்று எழுந்தபோது உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையில் காலிக் குடம். அந்த வருடம் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் எப்படி இருந்தது என்று உங்களில் பலருக்கு ஞாபகமிருக்கும். மெட்ரோ வாட்டர் லாரி எப்போது வரும், தெருமுனையில் குடத்தை எத்தனையாவதாக வைப்பது என்பதைத் தவிர ஊரில் வேறு பேச்சே கிடையாது.

“அங்க இப்ப தண்ணி ஒழுங்கா வருதா தம்பி?” என்றார் அந்த அம்மா.

ஒரே கேள்வி. என் முதுகை அழுத்திக்கொண்டிருந்த ஊர், தன் அளவுக்குப் போய் நின்றுகொண்டது. அவருடைய தெருவும் எங்கள் தெருவும் ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. இரண்டு இடத்திலும் பெண்கள் குடத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்காரர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “லாரி வந்தா ராத்திரின்னாலும் எழுந்திரிக்கணும் சார்.”

இப்போது எல்லோர் கையிலும் செல்போன். எல்லோர் செல்போனிலும் ஜூம். வாட்ஸ்அப்பில் தினம் ஒரு படம் வருகிறது, ஒரு ஊர் வருகிறது, ஒரு ஆள் வருகிறான். ‘பாத்தீங்களா இவனுங்களை!’ என்று கூடவே ஒரு வரி வருகிறது. அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதை எடுத்தவர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? பக்கத்திலா, எட்டவா?

விடை தெரியவில்லை என்றால் விரலைச் சும்மா வையுங்கள். முடிந்தால் காலை எடுத்து வையுங்கள்.